பட்டணத்திலிருந்து வந்த காற்றுப்பை

கரும்பாலையில் முதலில் இருமியது யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தை மாசம் வெல்லம் காய்ச்சுகிற நாட்களில் ஆலைக் கொட்டகைக்குள் அத்தனை பேரும் ஒரே அடுப்பைச் சுற்றி நிற்பார்கள். புகையில் எல்லோருக்கும் இருமல் வரும். ஒருவன் இருமினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டாவது பெரிய சண்டை மூளுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், பாகூரை ஒட்டிய எங்கள் ஊரில், அந்தக் கொட்டகையிலிருந்துதான் விஷக்காய்ச்சல் வீடு வீடாகப் போனது.

நான் வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். என் வீட்டுக்காரர் நெல்லும் கரும்பும் பயிர் வைத்தார். அவர், நான், மாமியார், அவருடைய தம்பி, இவ்வளவுதான் வீடு. எங்களுக்குக் குழந்தை இல்லை. கொதிக்கிற வெல்லக் கொப்பரையை அடுப்பிலிருந்து இறக்கும்போது மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடிப்பார்கள், அவர் மட்டும் ஒரு பக்கம் முழுவதையும் ஒருவராகத் தாங்குவார். அந்த உடம்பை நம்பித்தான் அவருக்குக் காய்ச்சல் வந்தபோது நாங்கள் பயப்படவில்லை. அத்தை நிலவேம்பு காய்ச்சிக் கொடுத்தார். (என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.) நான் அரிசியை வறுத்துக் கஞ்சி வைத்தேன். காய்ச்சலும் தணிந்த மாதிரிதான் இருந்தது.

ஒருநாள் காலையில் கிணற்றடிக்கு நடந்து போனவர் பாதி வழியில் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின.

"ஏங்க, இன்னா பண்ணுது?"

"மூச்சு..." என்றார். பிறகு இன்னொரு மூச்சு எடுத்துவிட்டு, "வாங்குது" என்றார்.

ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு. கொழுந்தனைக் கூப்பிட்டேன்.

கொழுந்தன் ஓடிப்போய் பாகூர் தர்மாஸ்பத்திரி டாக்டரைக் கூட்டிவந்தார். பட்டணம் என்று நாங்கள் சொல்கிற புதுச்சேரியில் படித்த தமிழர் அவர். வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியுமாக இருப்பார். அந்த வாரம் எத்தனை ஊர் அலைந்தாரோ, கால்சட்டை முழங்கால்வரை புழுதி. என் வீட்டுக்காரரின் முதுகில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். விரல் நகங்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நாவற்பழம் தின்ற நாக்கின் நிறத்தில் இருந்தன அந்த நகங்கள்.

என்னை வாசலுக்கு அழைத்து மெதுவாகச் சொன்னார். "ரெண்டு பக்கமும் நெஞ்சு கட்டிக்கிச்சும்மா. காத்து எறங்க எடம் இல்ல. இந்தக் காய்ச்சலுக்கு நேரா மருந்து கெடையாது. உடம்பே சண்ட போட்டு ஜெயிக்கணும். அதுவரைக்கும் மூச்ச ஓட வெக்கிறதுதான் நம்ம வேல."

"பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவலாமா ஐயா?"

"கட்ட வண்டியில, இந்தக் குலுக்கல்ல, பாதி வழி தாங்க மாட்டாரு. அங்கயும் கட்டில் இல்ல. தரையில படுக்க வெச்சிருக்காங்க."

கற்பூர எண்ணெயை ஊசியில் ஏற்றினார். முதுகில் கடுகுப் பற்றுப் போட்டார். சின்னக் கண்ணாடிக் குப்பிகளைத் தீயில் காட்டி முதுகில் கவிழ்த்தார். அவை தோலை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு நின்றன. படுக்க வைக்கக் கூடாது என்றார். நெல் மூட்டையைச் சுவரோரம் நிறுத்தி, அதில் சாய்த்து உட்கார வைத்தோம். அது சரிப்படவில்லை. முன்பக்கம் குனிந்தால்தான் அவருக்குக் கொஞ்சம் காற்று கிடைத்தது. உமி அடைத்த தலையணையை மடியில் அடுக்கி, அதன்மேல் கைகளை ஊன்றி உட்கார்ந்தார். கழுத்தெலும்புக்கு மேலே இருக்கிற குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்ப் போய் வந்தது. நான் வேறெதையும் பார்க்காமல் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் போனதும் அத்தை வாசல் கதவைச் சாத்தி, பின்கதவையும் சாத்தி, சன்னலில் கோணியைத் தொங்கவிட்டார். பனிக்காற்று பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்பது அவர் பயம். மறுபடி வந்த டாக்டர் எல்லாவற்றையும் திறந்தார்.

"காத்து பட்டா என் புள்ள செத்துப் போவும்யா" என்றார் அத்தை.

"காத்து இல்லாமத்தான் சாவுறாரும்மா" என்றார் டாக்டர். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தவர் போலத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அவர் அந்தப் பையைப் பற்றிச் சொன்னார். பட்டணத்து மருந்துக் கடையில் இரும்பு உருளையில் பிராணவாயு வைத்திருக்கிறார்கள், அதை ரப்பர் பையில் அடைத்துத் தருவார்கள், பிரெஞ்சில் அதற்கு 'பலோன்' என்று பெயர் என்றார். நாங்கள் அதைக் காற்றுப்பை என்று சொல்ல ஆரம்பித்தோம்.

அத்தைக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. பட்டணத்தில் அவருடைய அண்ணனுக்கு அப்படியொரு பையைக் கொண்டுவந்தார்களாம். அது வந்த அன்றே அவர் போய்விட்டாராம். "அது எமனுக்கு வெத்தில பாக்கு வெக்கிற மாதிரி. என் வூட்டுக்கு வேணாம்" என்றார்.

உள்ளே தலையணைமேல் கவிழ்ந்திருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். "அம்மா..." என்றார். எங்கள் எல்லோரையும் காக்க வைத்து அடுத்த மூச்சை இழுத்தார். "வரட்டும்."

கொழுந்தன் பள்ளிக்கூட வாத்தியாருடைய சைக்கிளை வாங்கிக்கொண்டு கிளம்பினார். இன்றைக்குப் பாகூரிலிருந்து புதுச்சேரி போகிறவர்களுக்கு நடுவில் ஒன்றும் தெரியாது. அப்போது எங்கள் ஊரும் பட்டணமும் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தன, இடையில் இங்கிலீஷ்காரன் நிலம் துண்டு துண்டாகக் கிடந்தது. வழியில் அவன் சுங்கச் சாவடி. எங்கள் பக்கத்தில் சாராயம் மலிவு. சைக்கிள் டியூபிலும் ரப்பர் பையிலும் அடைத்து உடம்பில் கட்டிக்கொண்டு கடத்துகிறவர்கள் இருந்தார்கள்.

கொழுந்தன் தவளக்குப்பம் தாண்டி வரும்போது, முதுகில் துணியால் கட்டியிருந்த பையைச் சாவடிச் சேவகர் பார்த்துவிட்டார்.

"இன்னாடா அது?"

"காத்துங்க. பிராணவாயு. எங்க அண்ணனுக்கு ஒடம்பு சரியில்ல."

"காத்தப் போயி பட்டணத்துலருந்து வாங்கினு வர்றியா?" என்று சிரித்தாராம் அந்தச் சேவகர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அப்படியொரு பொருளை அவர் பார்த்ததே கிடையாது. குழாயைத் திருகி மூக்கை வைத்துப் பார்த்தார். சாராய வாடை வரவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினார். காற்று உஸ்ஸென்று போயிற்று.

"திறக்காதய்யா, எங்க அண்ணன் உசுரு அதுல கீது" என்று கொழுந்தன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் அந்த மனிதர் மூடினார். வழி விட்டதோடு, சைக்கிளைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டும் வந்தாராம்.

வீட்டுக்கு வந்தபோது பை பாதி வற்றித் தொளதொளவென்று இருந்தது. கொழுந்தன் அதை என் கையில் கொடுத்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். அங்கிருந்து அவர் தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

டாக்டர் எனக்குக் காட்டிக் கொடுத்தார். குழாயின் முனையில் ஒரு புனல் இருக்கும். அதை வாய்க்கும் மூக்குக்கும் நேராக, ஒட்டாமல் பிடிக்க வேண்டும். பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவர் மூச்சை இழுக்கும்போது மட்டும் அழுத்த வேண்டும். விடும்போது அழுத்தினால் வீண். சிக்கனமாகக் கொடு, நகம் ரொம்பக் கறுத்தால் கொடு, சிவந்ததும் மூடு என்றார்.

கொடுத்தேன். என் கண் முன்னாலேயே உதட்டில் சிவப்பு ஏறியது. நெற்றி விரிந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். அது வரைக்கும் அவர் பார்வை எங்கேயோ உள்ளுக்குள் இருந்தது. இப்போது என்னைப் பார்த்தார்.

"நல்லா... இருக்குது" என்றார்.

அத்தை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்து மகன் காலடியில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்க்க ஆரம்பித்தார்.

ஆனால் பையை மூடிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அந்தக் கறுப்பு மறுபடி ஏறியது. திறந்தேன், சிவந்தது. மூடினேன், கறுத்தது. ஒரு மனிதனுக்கு உயிரைக் கொடுப்பதும் பறிப்பதுமாக நான் உட்கார்ந்திருந்தேன். மாலைக்குள் பை தட்டையாகிவிட்டது. கொழுந்தன் மறுபடி போய், மாற்றி மாற்றி நிரப்ப இன்னொரு பையும் சேர்த்து வாங்கி வந்தார். மறுநாளும் போனார். சாவடிச் சேவகர் பிறகு ஒரு முறைகூட அவரை நிறுத்தவில்லை. தூரத்தில் பார்த்ததும் தடுப்பு மரத்தைத் தூக்கிவிடுவாராம்.

மூச்சு விடுவதே ஒரு கூலிவேலை என்று அந்த நாட்களில்தான் பார்த்தேன். தலையிலிருந்து வேர்வை வடியும். வயிறு முதுகோடு ஒட்டி ஒட்டி விரியும். ஒரு வாய்க் கஞ்சி குடிக்க வேண்டுமென்றால் அதற்காக ஒரு மூச்சை விட்டுக்கொடுக்க வேண்டும். அவர் கஞ்சியை விட்டுக்கொடுத்தார். தூக்கத்தையும் விட்டுக்கொடுத்தார். கண்ணசந்தால் மூச்சு நின்றுவிடும் என்ற பயத்தில் திடுக்கென்று விழிப்பார்.

"படுக்க... வை" என்று என்னைக் கெஞ்சினார். "கொஞ்சம்... படுக்க வை."

"வேணாங்க. படுத்தா இன்னும் மூச்சு முட்டும். என் மேல சாஞ்சுக்குங்க."

அவருக்கு முன்னால் உட்கார்ந்து அவர் தலையை என் தோளில் வைத்துக்கொண்டேன். கல்யாணமானதிலிருந்து பகல் வெளிச்சத்தில், மற்றவர்கள் பார்க்க, நாங்கள் அப்படித் தொட்டுக்கொண்டு உட்கார்ந்ததே இல்லை. யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. அவர் மார்பு என் மார்பில் இடித்து இடித்து எழுந்தது. என்னை அறியாமல் நானும் அவரோடு சேர்ந்து வேகவேகமாக மூச்சு விட்டேன். எனக்குத் தலை சுற்றியது.

"அலுத்துப்... போச்சு" என்றார் காதோடு.

"இன்னும் கொஞ்சம் பொறுத்துக்குங்க. தம்பி பை எடுத்தாரப் போயிருக்காரு."

அன்று வெயில் ஏறிய பிறகு அவர் மூச்சு அடங்கியது. துள்ளல் நின்றது. தோள் ஏறி இறங்கவில்லை. மெல்ல, நீளமாக, இடைவெளி விட்டு மூச்சு வந்தது. கண் மூடியிருந்தது. அத்தை கையெடுத்துக் கும்பிட்டார்.

"தூங்கறாண்டி! எத்தினி நாளாச்சு புள்ள தூங்கி. இனிமே பொழச்சுப்பான்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அடுப்பில் வெந்நீர் வைக்கலாமா என்றுகூட நினைத்தேன். டாக்டர் வந்தார். வாசலில் நின்றபடியே ஒரு பார்வை பார்த்தார். அந்த முகம் மாறியதைப் பார்த்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. அவர் வந்து கன்னத்தைத் தட்டினார், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இமை மட்டும் அசைந்தது.

"தூக்கம் இல்லம்மா. ஓஞ்சுட்டாரு" என்றார். இன்னொரு ஊசி போட்டார். மற்றப் பை காலியாக ஓரத்தில் கிடந்தது. டாக்டர் அதை எடுத்து அழுத்திப் பார்த்தார், ஏதாவது மிச்சம் இருக்குமா என்று. பிறகு என் வீட்டுக்காரரின் மார்பின் இரண்டு பக்கமும் கைகளை வைத்து அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு, தானே மூச்சு விட வைத்துப் பார்த்தார். வேர்க்க வேர்க்கச் செய்தார். நான் அவர் கையைப் பிடிக்கிற வரைக்கும் நிறுத்தவில்லை.

என் வீட்டுக்காரர் போய்விட்டார்.

டாக்டர் திண்டாடித் திண்டாடி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, அடுத்த ஊரிலிருந்து ஆள் வந்து காத்திருந்ததால் கிளம்பினார். தெருப் பெண்கள் வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. என் தோள் இன்னும் அவர் மூச்சின் சூட்டில் இருந்தது.

கொழுந்தன் அப்போதுதான் வந்து சேர்ந்தார். சத்தத்தைத் தெருமுனையிலேயே கேட்டிருக்க வேண்டும். சைக்கிளை எங்கே போட்டாரோ, நடந்து வந்தார். முதுகில் பை. ஒரு பொட்டுக்கூட வீணாகாமல், மூட்டை மாதிரி விம்மிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றத் தோன்றாமல் அப்படியே அண்ணனுக்கு எதிரில் நின்றார்.

சாவுச் செய்தி சொல்ல ஆள் அனுப்ப வேண்டும் என்று, எங்கள் ஆலையில் மாடு ஓட்டுகிற ஆளை யாரோ கூட்டி வந்திருந்தார்கள். சேரியில் இருக்கிறவர். வாசலுக்கு வெளியே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய பெண்சாதி எங்கள் வயலில் கரும்பு வெட்டுகிறவள், என் வயதுதான் இருக்கும். அவளும் அந்தக் காய்ச்சலில் கிடக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியும்.

அத்தை மகன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அழுதுகொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தி, அந்த ஆளைப் பார்த்தார்.

"உன் பொண்டாட்டி எப்டி இருக்கா?"

"கெடக்குறாம்மா" என்றார் அவர். பையை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கேட்கவில்லை.

அத்தை கொழுந்தனிடம், "அந்தப் பைய எடுத்துனு போடா அவ வூட்டுக்கு" என்றார்.

கொழுந்தன் முழித்தார். "எனக்கு எப்டிப் புடிக்கறதுன்னு தெரியாதும்மா. டாக்டரும் இல்ல."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். "இன்னாடி இது? தாலி கட்டினவன் பொணம் வூட்டுல கெடக்க, வாசப்படி தாண்டுவியா? அதுவும் சேரிக்கு?"

நான் அத்தையைப் பார்த்தேன். அவர் மகன் முகத்தில் இருந்த ஈயை விரட்டினார். "போயிட்டு வாம்மா. இவன் இனிமே எங்க போவப் போறான்? நான் பாத்துக்கறேன்."

கொழுந்தன் பையைச் சுமந்துகொண்டு முன்னால் நடக்க, நான் பின்னால் நடந்தேன். வழியில் யாரும் எதிரே வரவில்லை. வந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்களோ என்னவோ.

குடிசை வாசல் மிகவும் தாழ்வு, ஊர்ந்துதான் போக வேண்டும். உள்ளே புகையும் இருட்டும். அவளை மல்லாக்கப் படுக்க வைத்துப் போர்த்தியிருந்தார்கள். "மொதல்ல வெளிச்சம் வர்ற மாதிரி அந்த ஓலைய எடுங்க" என்றேன். அவள் புருஷன் பக்கத்துத் தட்டியைப் பிய்த்தார். தூக்கி உட்கார வைத்து, உரலைக் கவிழ்த்து அதன்மேல் துணிமூட்டையை வைத்து, அவளை முன்பக்கமாகக் கவிழ்த்தோம். என் கை பட்டதும் அவள் விலகப் பார்த்தாள்.

"தொடா...தீங்கம்மா."

"பேசாத. பேசினா மூச்சு வீணு."

புனலைப் பிடித்தேன். பையை அழுத்தினேன். மூச்சு விடுவது ஒன்றுதான், யாராக இருந்தாலும் அதே கழுத்துக் குழி. கறுத்திருந்த உதடு மெல்ல மாறியது. அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்க விரும்பவில்லை. அவள்மேல் ஆத்திரமாக வந்தது. இது அவருக்கென்று வந்த காற்று. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் அவர் மார்புக்குள் போயிருக்கும். அது ஒரு முன்பின் தெரியாத... இல்லை, தெரிந்தவள்தான், எங்கள் கரும்பை வெட்டியவள். ஆத்திரம் வந்தது, கை மட்டும் அவள் இழுக்கும்போது அழுத்தி, விடும்போது விட்டுக்கொண்டிருந்தது. அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. கண்ணீரைத் துடைக்கக் கை இல்லை. கொழுந்தன் தன் துண்டால் துடைத்துவிட்டார்.

பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்று ஆள் வந்தது. அவள் புருஷனுக்குப் பையைப் பிடிக்கக் காட்டிக் கொடுத்தேன். நகத்தைப் பார், சிவந்ததும் மூடு என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் தலைமுழுகி, ஈரப் புடவையோடு அவர் காலடியில் போய் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

கொழுந்தன் காரியம் முடிகிற வரைக்கும் பொறுக்கவில்லை. பால் தெளித்த மறுநாளே காலிப் பையை எடுத்துக்கொண்டு பட்டணம் போய் நிரப்பி வந்து சேரியில் கொடுத்தார். அதற்கப்புறமும் போனார். கருமாதிக்குள் அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

ஊரில் என்னைப் பற்றிப் பேசினார்கள். கல் மனசுக்காரி என்றார்கள், கண்ணில் ஒரு சொட்டு நீர் வராதவள் என்றார்கள். தன் காதில் விழும்படி பேசியவளிடம் அத்தை, "நான்தான் அனுப்பினேன். கேக்கறதுன்னா என்னக் கேளு" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. மாட்டுக்காரரின் பெண்சாதி பிழைத்தாளே தவிர பழைய உடம்பு வரவில்லை. கத்தி பிடித்துக் கரும்பு வெட்ட முடியாமல், நிழலில் உட்கார்ந்து விதைக் கரும்பைக் கரணைத் துண்டுகளாக நறுக்குகிற வேலைக்கு வந்தாள். நாலடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவாள். என்னைக் கண்டால் எழுந்து நிற்பாள். உட்கார் என்று சொல்லிவிட்டு நான் வேகமாகப் போய்விடுவேன். அவள் மூச்சுச் சத்தத்தை என்னால் கேட்க முடிந்ததில்லை.

வெகுநாள் கழித்து, அறுப்பு சமயத்தில், அத்தை களத்தில் நெல்லைத் தூற்றிக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கேட்டார்.

"அவ பொழச்சா. நல்லதுதான். இவன் மட்டும் ஏண்டி பொழைக்கல? அதே காய்ச்சலுதான, அதே பையிதான?"

அடுத்த தடவை தர்மாஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடம் அதையே கேட்டேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். சின்னதாகவாவது ஒரு காரணம் சொல்வார் என்று நின்றுகொண்டிருந்தேன்.

"எனக்கும் தெரியாதும்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் அப்படியே சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, மிச்ச நெல்லை அள்ளப் போனார்.